‘இன்னும் மேலே’ என்னும் அழுத்தத்துக்கு நடுவே தன்னை ஏற்று நிறைவாக வாழ்வது எப்படி?

தன்னை உள்ளபடி ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னவுடன் பெரும்பாலோருக்கு ஓர் ஐயம் எழுகிறது. இருக்கும் நிலையே போதும் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் முயற்சி தளர்ந்துபோகும், சோம்பல் குடியேறும், ஓடிக்கொண்டிருப்பவர்கள் நம்மைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள் என்பதே அந்த ஐயம். இது தீராதவரை எந்த வழிமுறையைச் சொன்னாலும் மனம் அதை அரைகுறையாகத்தான் கேட்கும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தன்னை ஏற்பதென்பது தன் செயல்கள் எல்லாவற்றுக்கும் நற்சான்று வழங்குவதன்று. அமெரிக்க உளச்சிகிச்சையாளர் ஆல்பர்ட் எல்லிஸ், 1955ஆம் ஆண்டு முதல் உருவாக்கிவந்த சிகிச்சைமுறையில் ஒரு வேறுபாட்டை மிகவும் வலியுறுத்தினார்: ஒருவர் செய்த செயலை மதிப்பிடலாம், செய்த ஆளை மொத்தமாக மதிப்பிட முடியாது. ‘இந்தத் தேர்வுக்கு நான் போதிய அளவு தயாராகவில்லை’ என்பது செயலைப் பற்றிய மதிப்பீடு. அது உண்மையா என்று சரிபார்க்கலாம், அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பதோ ஆள்மீது எழுதப்படும் தீர்ப்பு. அதைச் சரிபார்க்க வழியே இல்லை. ஒரு மனிதர் என்பவர் எண்ணற்ற செயல்களும், மாறிக்கொண்டே இருக்கும் இயல்புகளும், இன்னும் வெளிப்படாத திறன்களும் சேர்ந்தவர். அவற்றையெல்லாம் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கித் தரும் கணக்கு எங்கும் கிடையாது.

ஆள்மீது தீர்ப்பு விழும் என்று அஞ்சுகிறவர் தம் குறையை மறைப்பதிலேயே ஆற்றலைச் செலவிடுகிறார். மறைத்துவைத்த குறையை அவரால் திருத்தவும் முடிவதில்லை. உளச்சிகிச்சையில் பெரும் மாற்றம் கொண்டுவந்த கார்ல் ராஜர்ஸ், ஒருவர் தன்னை உள்ளபடி ஏற்கத் தொடங்கும்போதுதான் அவரிடம் மாற்றமும் தொடங்குகிறது என்பதைத் தம்மிடம் வந்தவர்களிடம் மீண்டும் மீண்டும் கண்டார். ஆகவே முயற்சிக்கும் ஏற்புக்கும் பகையில்லை. ஏற்பு வந்தபின் எந்த முயற்சி தனக்கு உரியது, எது பிறர் கண்ணுக்காகச் செய்வது என்பது பிரிந்து தெரியத் தொடங்குகிறது. கீழே வரும் வழிமுறைகள் எல்லாம் அந்தப் பிரிப்பைச் செய்வதற்கானவை.

கையில் இருப்பது யாருடைய அளவுகோல்?

1890ஆம் ஆண்டில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் உளவியலறிஞர் தன்மதிப்பை ஒரு வகுத்தல் கணக்காக எழுதிக் காட்டினார். நாம் அடைந்த வெற்றியை, அடைய வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைப்பதே தன்மதிப்பு என்றார் அவர். உளவியலில் தம்மைவிட அதிகம் அறிந்த ஒருவரைக் கண்டால் தமக்கு வலிக்கிறது, ஆனால் கிரேக்க மொழி தமக்குத் தெரியாதது சிறிதும் உறுத்துவதில்லை என்று தம்மையே சான்றாக வைத்தார். உளவியலறிஞர் என்பதில்தான் அவர் தம்மைப் பணயம் வைத்திருந்தார்; கிரேக்க மொழியில் எதையும் வைக்கவில்லை. இந்தக் கணக்கைப் படித்தவர்களில் பலர் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் நிம்மதி என்ற அளவோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: எந்தெந்தத் துறைகளில் நம்மைப் பணயம் வைத்திருக்கிறோம் என்பதை நாமாகத்தான் முடிவு செய்தோமா?

இதைக் கண்டறிய ஒரு தாளும் கொஞ்சம் தனிமையும் போதும். அண்மைக் காலத்தில் உங்களைச் சிறுமையாக உணரவைத்த நிகழ்வுகளை நினைவுக்கு வரும் வரிசையிலேயே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அங்கே அளக்கப்பட்டது எது என்று குறியுங்கள்: சம்பளமா, பதவியா, வீடா, திருமணமா, பிள்ளையின் மதிப்பெண்ணா, உடல் தோற்றமா, புகழா? அடுத்து, ‘நீ குறைந்துவிட்டாய்’ என்று அப்போது மனத்துக்குள் ஒலித்த குரல் யாருடையது என்று எழுதுங்கள். அது பெற்றோருடையதாக இருக்கலாம், ஓர் ஆசிரியருடையதாக இருக்கலாம், உடன் படித்தவருடையதாக இருக்கலாம், முகமே இல்லாத ‘நாலு பேர்’ ஆகவும் இருக்கலாம். கடைசியாக, இதை நான் அடைந்த செய்தி யாருக்கும் ஒருபோதும் தெரியப்போவதில்லை என்றால் அப்போதும் இதை விரும்புவேனா என்று கேளுங்கள்.

மூன்றில் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், விடையை அவசரப்பட்டு எழுதக் கூடாது. சில ஆசைகள் அந்தக் கேள்வியின் முன் நிமிர்ந்து நிற்கும். யாருக்கும் தெரியாவிட்டாலும் அந்தக் கலையைக் கற்கவே விரும்புவீர்கள், அந்தக் கடனை அடைக்கவே விரும்புவீர்கள். சில ஆசைகள் உடனே சுருங்கிவிடும். பதவியின் பெயர் வேண்டும், ஆனால் அந்தப் பதவிக்குரிய அன்றாட வேலை வேண்டாம் என்பது அப்போது தெரியவரும். சுருங்கியவை எல்லாம் பொய்யான ஆசைகள் என்று தள்ளிவிட வேண்டியதில்லை, பிறர் மதிப்பை விரும்புவது மனித இயல்பு. ஆனால் அவற்றுக்காக உங்கள் ஆண்டுகளையும் உடல்நலத்தையும் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை இனி நீங்கள் தெரிந்தே முடிவு செய்யலாம்.

பணத்தை விரும்புவது குற்றமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டிம் காசரும் ரிச்சர்டு ரயனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பண வெற்றியைத் தன்னேற்பு, உறவு, சமூகத்துக்குப் பயன்படுதல் ஆகிய நோக்கங்களைவிட மேலாக வைத்திருந்தவர்களின் உளநலமே குறைவாக இருந்தது. ஆசைகளுக்குள் எது எதற்கு மேல் நிற்கிறது என்னும் வரிசையே அங்கே வேறுபாட்டை உண்டாக்கியது.

இந்த அளவுகோல்கள் பெரும்பாலும் அன்பின் வழியாகவே நம் கைக்கு வந்து சேர்ந்தவை என்பதுதான் அவற்றைக் கீழே வைப்பதைக் கடினமாக்குகிறது. நன்றாகச் செய்தபோது முகம் மலர்ந்த பெற்றோரையும், தவறியபோது வாடிய அவர்களின் முகத்தையும் பார்த்து, ‘இப்படி இருந்தால்தான் நான் அன்புக்குரியவன்’ என்று குழந்தை தானாகவே ஒரு நிபந்தனையை எழுதிக்கொள்கிறது. பெற்றோர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். பல வேளைகளில் அவர்களை இயக்கியது நம் எதிர்காலத்தைப் பற்றிய அச்சம்தான். இதைப் புரிந்துகொண்டால் அவர்கள்மீது குற்றம் சுமத்தாமலே அந்த நிபந்தனையைக் கழற்றி வைக்கலாம்.

இந்த அழுத்தம் உங்கள் தனிப்பட்ட பலவீனமும் அன்று. தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் ஆகிய இருவரும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டப்பட்ட தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். 41,000க்கும் மேற்பட்டோரின் விடைகள் அதில் இருந்தன. குறையற்றவராக இருக்க வேண்டும் என்று சமூகம் தன்னிடம் எதிர்பார்ப்பதாக உணர்வதுதான் அந்தக் காலகட்டத்தில் மிக அதிகமாக உயர்ந்திருந்தது. ஒரு தலைமுறையே சுமக்கும் பாரத்தைத் தன் ஒருவனுடைய இயலாமை என்று எண்ணிக் குமைவது நியாயமில்லை.

ஒப்பிடுவதை நிறுத்த முயல வேண்டாம்

‘யாரோடும் உன்னை ஒப்பிடாதே’ என்னும் அறிவுரை நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது. ஆனால் அதைக் கடைப்பிடிக்க முடிந்தவர்களை நான் கண்டதில்லை. லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் விளக்கியபடி, தன் திறனையும் கருத்தையும் அளக்கப் புறநிலையான அளவை ஏதும் இல்லாதபோது மனிதர்கள் பிறரைப் பார்த்தே தம்மை அளக்கிறார்கள். ‘நான் நல்ல தாயா’, ‘நான் வாழ்க்கையில் முன்னேறியிருக்கிறேனா’ போன்ற கேள்விகளுக்கு அளவுக்கருவி ஏதும் இல்லை. ஆகவே கண் தானாகவே அடுத்தவர் பக்கம் திரும்புகிறது. திரும்புவதைத் தடுக்க முடியாது, எங்கே திரும்புகிறது என்பதைத் திருத்த முடியும்.

எங்கே பார்க்கிறோம் என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு 1995இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் ஆகியோர் 1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக் காட்சிகளை எடுத்து, பதக்கம் வென்றவர்களின் முகங்களில் தெரிந்த மகிழ்ச்சியைப் பிறரைக் கொண்டு மதிப்பிடச் செய்தார்கள். வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியோடு காணப்பட்டார்கள். வெள்ளி பெற்றவரின் எண்ணம் கைநழுவிய தங்கத்தில் இருந்தது, வெண்கலம் பெற்றவரின் எண்ணமோ பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடிய நான்காம் இடத்தில் இருந்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இதைக் கேட்டவுடன் ‘உன்னைவிடக் கீழே இருப்பவர்களைப் பார்த்து ஆறுதல் கொள்’ என்ற முடிவுக்கு வர வேண்டாம். இன்னொருவருடைய துன்பத்தைத் தன் மனப்புண்ணுக்கு மருந்தாக்கிக்கொள்வது எனக்கு உடன்பாடானதன்று. அது நீடிப்பதும் இல்லை. அதற்கு மாறாக இரண்டு பழக்கங்களைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, உங்களை உங்கள் பழைய நிலையோடு ஒப்பிடுவது: ஐந்து ஆண்டுகளுக்கு முன் உங்களால் இயலாமலிருந்த எது இன்று இயல்பாகிவிட்டது என்று எழுதிப் பார்ப்பது. மற்றொன்று, யாரைக் கண்டு ஏங்குகிறீர்களோ அவருடைய வாழ்க்கையை ஒரு துண்டாகப் பார்க்காமல் முழுதாகப் பார்ப்பது. அவருடைய வீட்டை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது. அதற்கு அவர் கொடுத்த வேலை நேரம், பட்ட கடன், இழந்த மாலைப்பொழுதுகள், அவருடைய உடல்நிலை, உறவுகள் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் வாழ்க்கையோடு முழுமையாக மாற்றிக்கொள்ளச் சொன்னால் சம்மதிப்பீர்களா என்று கேளுங்கள். சம்மதிப்பேன் என்றே விடை வந்தால் அதுவும் நல்ல செய்திதான். நீங்கள் உண்மையாகவே விரும்பும் ஒன்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

முழுதாகப் பார்ப்பது எளிதன்று, ஏனெனில் மற்றவர்களின் துயரம் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. அலெக்சாண்டர் ஜோர்டனும் அவருடைய உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வுகளில், மாணவர்கள் தம் சக மாணவர்களின் கசப்பான அனுபவங்களை உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். அழுகையும் தோல்வி உணர்வும் பெரும்பாலும் தனிமையில் நிகழ்பவை, சிரிப்போ கூட்டத்தின் நடுவே நிகழ்வது. கைப்பேசியில் நாம் காணும் வாழ்க்கைகளில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகிவிடுகிறது. யாருடைய பதிவுகள் உங்களை ஒவ்வொரு முறையும் சுருங்கவைக்கின்றனவோ அவற்றைக் கண்ணில் படாதபடி வைத்துவிடுங்கள், எழுந்தவுடன் திரையைப் பார்க்காதீர்கள். இதில் தயங்க எதுவுமில்லை.

பொறாமை எழும்போது வெட்கப்பட்டு அதை அமுக்கிவிடாமல், அது எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். நண்பர் எழுதிய நூல் வெளியானதைக் கண்டு உள்ளம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத வேண்டும் என்ற உங்கள் ஆசை கிடப்பில் கிடப்பதால் எரிகிறதா, அல்லது அவருக்குக் கிடைத்த பாராட்டைப்போல் உங்களை யாரும் பாராட்டவில்லை என்பதால் எரிகிறதா? முதலாவதுக்கு மருந்து நாளை காலை உட்கார்ந்து எழுதுவது. இரண்டாவதுக்கு எழுதுவது மருந்தாகாது. உங்களை நெருக்கமாக அறிந்து மதிக்கும் ஒன்றிரண்டு பேரோடு அதிக நேரம் செலவிடுவதே மருந்து.

‘போதும்’ என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தல்

நிறைவு என்பது அடைந்த பிறகு தானாக வந்து சேரும் என்று நம்பி ஓடுகிறோம். ஃபிலிப் பிரிக்மன், டொனால்டு கேம்பெல் இருவரும் 1971இல் சுட்டிக்காட்டியபடி, புதிதாகக் கிடைத்த நன்மைக்கு மனம் விரைவில் பழகிவிடுகிறது, பழகியவுடன் அதுவே தொடக்கப் புள்ளியாகிவிடுகிறது. பிரிக்மன் 1978இல் மற்ற இருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர், வெல்லாத மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இருக்கவில்லை. அன்றாடச் சிறு நிகழ்வுகளில் அவர்கள் பெற்ற இன்பமோ குறைந்திருந்தது. 22 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது என்பதை மறந்துவிடக் கூடாது. 2020இல் வெளியான, சுவீடன் நாட்டில் பரிசு வென்ற மிகப் பலரை ஆராய்ந்த ஆய்வில், பெருந்தொகை வென்றவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிய நிறைவு பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்தது. ஆகவே பணத்தால் பயனில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ‘இது கிடைத்துவிட்டால் பிறகு எதுவும் வேண்டாம்’ என்று மனம் தரும் வாக்குறுதியை நம்பக் கூடாது என்பது மட்டும் உறுதி.

ஆகவே எல்லையைப் போய்ச் சேர்ந்த பிறகு குறிக்காமல், சேர்வதற்கு முன்பே குறித்துவிட வேண்டும். வருமானம், பதவி, வீடு, பெயர் ஆகியவற்றில் உங்களுக்கு எது பொருட்டோ அதற்கு நேராக, எவ்வளவு இருந்தால் போதும் என்று எழுதுங்கள். தொகையை மட்டும் எழுதினால் அது நிற்காது. எதற்காக அந்தத் தொகை என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு, நோய் வந்தால் கலங்காதிருக்க, முதுமையில் பிறர் கையை எதிர்பாராதிருக்க என்று நோக்கங்கள் விரியும்போது, உண்மையான தேவைகள் எவை, யாருக்கோ காட்டுவதற்காகச் சேர்த்தவை எவை என்பது எழுதும்போதே பிரிந்துவிடும். தாளில் தேதியிட்டு வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எல்லையை உயர்த்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் உயர்த்தும்போது காரணத்தையும் எழுத வேண்டும். ‘குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்படுகிறது’ என்பது காரணம். ‘உடன் படித்தவர் இரண்டாவது வீடு வாங்கிவிட்டார்’ என்று எழுத நேர்ந்தால், எழுதிய கையே ஒரு கணம் தயங்கும்.

இந்தப் பழக்கம் அன்றாட முடிவுகளிலும் உதவும். பொருளியலறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1950களில் விளக்கியபடி, எல்லா வாய்ப்புகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேடுவது ஒரு வழி; தேவையான தகுதிகளை முன்னரே வரையறுத்து, அவை பொருந்தும் முதல் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு தேடலை நிறுத்துவது மற்றொரு வழி. ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பேரி ஷ்வார்ட்ஸ் ஆகியோர் வேலை தேடிய கல்லூரி மாணவர்களைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறந்ததையே தேடும் இயல்புடையவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு அதிகமான தொடக்கச் சம்பளத்தைப் பெற்றார்கள்; ஆனால் கிடைத்த வேலையில் அவர்களுடைய நிறைவு மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. எல்லாவற்றிலும் தகுதி வரையறுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வாழ்க்கையில் ஒன்றிரண்டு இடங்களில் சிறந்ததையே தேடுங்கள். மற்ற இடங்களில் தகுதியானது கிடைத்தவுடன் தேடலை முடித்துவிட்டு அந்த நேரத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நிறைவு என்னும் அறிவுரை வரலாறு நெடுகிலும் வசதி படைத்தவர்களால் இல்லாதவர்களுக்கு வழங்கப்பட்டு வந்திருக்கிறது. உழைப்புக்கு உரிய கூலி கிடைக்காதவரிடமும், பிறப்பையோ பாலினத்தையோ காட்டி வாய்ப்பு மறுக்கப்பட்டவரிடமும் ‘கிடைத்ததை வைத்து மகிழ்ச்சியாக இரு’ என்று சொல்வது அறமாகாது. அவர்கள் ஏற்க வேண்டியது தம்மைத்தான், தமக்கு இழைக்கப்படும் அநீதியை இல்லை. தன்னிடம் குறையில்லை என்று அறிந்தவரே உரிய கூலியை நிமிர்ந்து கேட்கிறார். தன் தகுதியின்மையால்தான் இந்த நிலை என்று நம்பவைக்கப்பட்டவர் கேட்கவே மாட்டார்.

நடக்காமற்போன வாழ்க்கைக்காக வருந்துதல்

தன்னை ஏற்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ஒருவர் மருத்துவராக விரும்பினார், ஆகவில்லை. ஒருவர் குழந்தை வேண்டும் என்று காத்திருந்தார், பிறக்கவில்லை. ஒருவர் தொடங்கிய தொழில் மூடப்பட்டது. இவை உண்மையான இழப்புகள். இறந்தவருக்காக அழுவதற்கு உலகம் இடம் தருகிறது; நிகழாமலே போன வாழ்க்கைக்காக அழ யாரும் இடம் தருவதில்லை. அதனால் அந்தத் துயரம் தன்வெறுப்பாக உருமாறி உள்ளேயே தங்கிவிடுகிறது.

கார்ஸ்டன் ராஷ் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில், எட்ட முடியாத இலக்கைக் கைவிடவும் புதிய இலக்கைப் பற்றிக்கொள்ளவும் இயன்றவர்களின் உளநலம் மேலானதாகக் காணப்பட்டது. கைவிடுவது பாதி வேலைதான். பற்றிக்கொள்ள வேறொன்று வேண்டும். ஆகவே இழந்த இலக்கைப் பெயர் சொல்லி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை ஏன் விரும்பினீர்கள் என்றும் சொல்லுங்கள். மருத்துவராக விரும்பியதன் அடியில் நோயுற்றவருக்குத் துணைநிற்கும் விருப்பம் இருந்திருந்தால், அதற்கு வேறு கதவுகள் இன்னும் திறந்திருக்கின்றன. வெறும் மரியாதைக்காக விரும்பியிருந்தால், அந்த ஆசையோடு இவ்வளவு காலம் போராடியதற்காக உங்கள்மீதே கொஞ்சம் பரிவு காட்டலாம்.

எதைக் கைவிடுவது, எதைத் தொடர்வது என்பதைத் தோல்வியடைந்த நாளில் முடிவு செய்யாதீர்கள். களைப்பும் வழியடைப்பும் அன்று ஒன்றுபோலவே தோன்றும். உறங்கி, ஓய்ந்து, சில வாரங்கள் கடந்த பிறகு, கதவு உண்மையிலேயே மூடியிருக்கிறதா, அல்லது நான் சோர்ந்திருக்கிறேனா என்று பாருங்கள்.

தன்னோடு பேசுவதும் பிறருக்கு விடை சொல்வதும்

கிறிஸ்டின் நெஃப் 2003இல் தன்பரிவை மூன்று கூறுகளாக விளக்கினார்: தன்னிடம் கடுமை காட்டாமல் கனிவு காட்டுவது, தன் துன்பம் மனிதர் அனைவருக்கும் பொதுவான துன்பத்தின் ஒரு பகுதி என்று உணர்வது, வலியை மிகைப்படுத்தாமலும் மறுக்காமலும் உள்ளபடி கவனிப்பது. இதை அன்றாடப் பழக்கமாக்க எளிய வழி, மனம் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதி, அதற்குக் கீழே செயலைப் பற்றிய வாக்கியமாக மாற்றி எழுதுவதே. ‘நான் எப்போதுமே சொதப்புகிறவள்’ என்று மனம் சொன்னால், ‘இன்றைய கூட்டத்தில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை; அந்தப் பகுதியை நான் படித்திருக்கவில்லை’ என்று எழுதலாம். இரண்டாவது வாக்கியத்திலும் வலி இருக்கிறது. ஆனால் அந்த வலிக்கு ஓர் எல்லை இருக்கிறது, செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கிறது.

இந்தப் பயிற்சியைத் தோல்வி நாட்களில் மட்டும் செய்தால் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஜெனிஃபர் கிராக்கரும் உடன் ஆய்ந்தவர்களும் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த மாணவர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பிலேயே தன்மதிப்பைப் பணயம் வைத்தவர்கள் இடம் கிடைத்த நாளில் மற்றவர்களைவிட உயரப் பறந்தார்கள், மறுக்கப்பட்ட நாளில் மற்றவர்களைவிட ஆழமாக வீழ்ந்தார்கள். புகழ் வந்த நாளில் ‘இப்போதுதான் நான் மதிப்புக்குரியவன்’ என்று மனம் சொல்லும். அதை அன்றே மறுத்துவிட வேண்டும். ‘இந்த வேலையை நன்றாகச் செய்தேன், மகிழ்ச்சியாக இருக்கிறது’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டவருக்கு அடுத்த சறுக்கலைத் தாங்குவது எளிதாகும்.

பிறர் நம்மை எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்னும் எண்ணமும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. கிலோவிச்சும் உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், கூச்சம் தரும் படம் பொறித்த சட்டையோடு ஓர் அறைக்குள் அனுப்பப்பட்ட மாணவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள்; உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்பங்கினரே.

இருந்தாலும் சிலர் நேராகவே கேட்பார்கள், அவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். உறவினர் பலர் கூடும் இடத்தில் ‘இன்னுமா அதே வேலையில் இருக்கிறாய்?’ என்று மூத்தவர் ஒருவர் கேட்டால், நீண்ட விளக்கம் தரத் தொடங்கினீர்களானால் அது வழக்காடுவதாக மாறிவிடும். ‘ஆமாம் மாமா, அந்த வேலை எனக்குப் பொருந்தியிருக்கிறது. மாறினால் உங்களிடம் முதலில் சொல்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டுப் பேச்சைத் திருப்பிவிடலாம். மீண்டும் அதே கேள்வி வந்தால் அதே விடையை அதே அமைதியோடு சொல்லுங்கள்; புதிய காரணம் எதையும் சேர்க்காதீர்கள். விடையை வீட்டிலிருந்து கிளம்பும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கேள்வி விழும் கணத்தில் நிதானமான சொற்கள் பெரும்பாலும் நாவுக்கு வருவதில்லை.

பெற்றோரிடம் இந்தச் சுருக்கம் செல்லாது, செல்லவும் கூடாது. அவர்களுக்கு நேரம் ஒதுக்கி, தனியாக, யாரும் கோபத்தில் இல்லாத வேளையில் உட்காருங்கள். ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று தொடங்காமல், ‘அப்பா, என்னைப் பற்றி நினைக்கும்போது உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை பணத்தைப் பற்றியதாகவோ, தாங்கள் இல்லாத காலத்தில் உங்களுக்குத் துணை யார் என்பதைப் பற்றியதாகவோ இருக்கும். அந்த அச்சத்துக்கு உண்மைகளால் விடை சொல்லுங்கள்: வருமானம் இவ்வளவு, சேமிப்பு இவ்வளவு, நண்பர்கள் இன்னார், அடுத்த ஆண்டுக்கான திட்டம் இது. ஒரே பேச்சில் அவர்கள் மனம் மாறிவிடாது. உடன்பாடு கிடைக்காமலும் போகலாம். அவர்கள் வருந்துவதைப் பொறுத்துக்கொண்டு, அந்த வருத்தத்தை உங்கள் குற்றமாக்கிக்கொள்ளாமல், அவர்களை நேசித்துக்கொண்டே உங்கள் முடிவில் நிற்பது இந்தக் கட்டுரையிலுள்ள எல்லாவற்றிலும் கடினமான பகுதி. அவர்களுடைய பொருளாதாரத்தைச் சார்ந்து வாழ்பவராக நீங்கள் இருந்தால், பேச்சைத் தொடங்குவதற்கு முன் உங்கள் காலில் நிற்கும் வழியை உறுதிசெய்துகொள்வது அறிவுடைமை.

அளக்கப்படாத வேலைகளுக்கு இடம்

எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரயனும் உருவாக்கிய கோட்பாட்டின்படி, தன் விருப்பப்படி செயல்படுவது, ஒன்றைத் திறம்படச் செய்ய இயல்வது, பிறரோடு நெருக்கமாக இருப்பது ஆகிய மூன்றும் மனத்தின் அடிப்படைத் தேவைகள். இவற்றில் எதற்கும் முதலிடம் பெற வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், விருப்பத்தோடு புதிர்களை விடுவித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிப் பின்னர் நிறுத்தியபோது, அவர்கள் ஓய்வு நேரத்தில் தாமாக அந்தப் புதிரை எடுக்கும் ஆர்வம் குறைந்தது. ஆகவே வாரத்தில் சில மணி நேரமாவது, யாரும் மதிப்பெண் போடாத, விருப்பக்குறிகள் எண்ணப்படாத, வருமானமாக மாற்றத் தேவையில்லாத ஒரு வேலையைச் செய்யுங்கள். பாடலாம், வரையலாம், செடி வளர்க்கலாம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தரலாம். நன்றாக வருகிறது, இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ ஆகியோர் 2003இல் வெளியிட்ட சோதனையில், நன்றிக்குரியவை என்று தோன்றியவற்றில் ஐந்து வரை வாரம் ஒரு முறை பத்து வாரங்கள் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்க்கையை நல்லதாக மதிப்பிட்டார்கள். இதையும் செய்து பார்க்கலாம். ஆனால் துயரத்தை மூடி மறைப்பதற்காகச் செய்யாதீர்கள்; முன் சொன்ன வருந்தும் வேலை முடிந்த பிறகு செய்தால்தான் அது உண்மையாக இருக்கும்.

மருத்துவ உதவி தேவைப்படும் நிலை

மேலே சொன்னவை எல்லாம் அழுத்தத்தால் வாடும் மனத்துக்கு உரியவை, நோயுற்ற மனத்துக்குப் போதுமானவையல்ல. இரண்டு வாரங்களாக, பெரும்பாலான நேரமும் மனம் இருண்டே இருந்தாலோ, முன்பு விரும்பிச் செய்தவற்றில் எந்த நாட்டமும் இல்லாமல் போனாலோ, அதோடு உறக்கமும் பசியும் மாறி, எதிலும் கவனம் நிற்காமல், தான் பயனற்றவர் என்னும் எண்ணம் விடாமல் தொடர்ந்தாலோ, அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, உளநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் நாள் பார்க்காமல் உடனே நெருக்கமான ஒருவரிடம் சொல்லி, அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாளில் எழுதும் பயிற்சிகளைச் சிகிச்சை தொடங்கிய பிறகு, மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ காட்டி, அவர் சொல்லும் அளவில் தொடரலாம்.